புகையா, பனியா

பட்டாசில் பேரியம் உப்புக்குத் தடை வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு மாலை. வெம்பக்கோட்டைக்கு வெளியே கரிசல்காட்டு வரப்பில், வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட ஆலை போர்மேன் ஒருவரோடு நின்றிருந்தேன். தூரத்தில் ஏதோ ஓர் ஆலையில் அன்றைய சரக்கை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேன்சி ரகம் ஒன்று மேலே ஏறி விரிந்தது. பச்சை. பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். “பச்சை வெளுத்துக் கெடக்கு பாத்தீங்களா தம்பி? மணி மருந்துல பி.வி.சி. பவுடர் பத்தலை.” அடுத்தது சிவப்பாக விரிந்ததும் முகம் தெளிந்தது. “இது சுத்தம். ஸ்ட்ரான்சியம் சரியா ஒக்காந்திருக்கு.”

வாணம் வெடித்த இடம் ஒன்றரை மைலுக்குக் குறையாது. மருந்தை அவர் தொடவில்லை, முகரவில்லை, எந்த ஆலையின் சரக்கு என்பதும் அவருக்குத் தெரியாது. இரண்டு நொடி நின்று அவிந்த வெளிச்சத்திலிருந்து அதற்குள் என்ன உப்பு, எது குறைவு என்று சொல்லிவிட்டார். பேரியம் குளோரினோடு சேர்ந்தால்தான் பச்சை கூர்மையாக வரும். குளோரினைக் கொடுப்பது அந்த பி.வி.சி. தூள். இந்த வேதியியலை அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. முப்பது ஆண்டு அண்ணாந்து பார்த்தே படித்தவர்.

எங்கோ ஒரு கோளின் காற்றில் உயிரின் அடையாளம் தென்பட்டதாகப் பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த வரப்பு நினைவுக்கு வரும். விண்ணியலாளர்கள் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். தொட முடியாத பொருளின் வெளிச்சத்தைப் பிரித்து, அதற்குள் இருக்கும் சரக்கு என்ன என்று சொல்வது. வேறுபாடு ஒன்று உண்டு. போர்மேன் தப்பாகச் சொல்லியிருந்தால் மறுநாள் ஆலைக்குப் போய்க் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். விண்ணியலாளருக்கு அந்த மறுநாள் கிடையாது.

விண்மீன்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறியப்போவதில்லை என்று பிரெஞ்சுத் தத்துவவாதி அகஸ்ட் காம்ட் 1835இல் அடித்துச் சொன்னார். கால் நூற்றாண்டு தாங்கியது அந்தத் தீர்ப்பு. 1859இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கிர்க்காஃப், புன்சன் என்ற இரு பேராசிரியர்கள், ஒவ்வொரு தனிமமும் சூடாகும்போது தனக்கே உரிய நிறக்கோடுகளை வெளியிடுகிறது, அதன் குளிர்ந்த ஆவி அதே கோடுகளை விழுங்குகிறது என்று கண்டுகொண்டார்கள். இருவரைப் பற்றியும் ஒரு கதை சொல்வதுண்டு. ஓர் இரவு பக்கத்து நகரமான மன்ஹைமில் தீப்பிடித்து எரிந்தது. ஜன்னலோரம் நின்று தங்கள் கருவியை அந்தத் தீயின் பக்கம் திருப்பியபோது அதில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் தெரிந்தனவாம். பல மைல் தள்ளி எரிவதில் இருப்பதைச் சொல்ல முடிந்தால் சூரியனில் இருப்பதை ஏன் சொல்ல முடியாது என்று அப்போதுதான் தோன்றியதாம். கதை எத்தனை உண்மையோ, சிவகாசிக்காரனுக்கு அதில் வரும் இரண்டு பெயர்களும் வீட்டுப் பெயர்கள்.

நம் பக்கத்துக்கு இந்த வித்தை 1868 ஆகஸ்ட் 18 அன்று வந்தது. முழுச் சூரிய கிரகணம் அன்று இந்தியாவைக் குறுக்காகக் கடந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென் கருவியோடு காத்திருந்தார். மசூலிப்பட்டணத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன். சூரிய விளிம்பில் எழுந்த தழலின் ஒளியைப் பிரித்தபோது மஞ்சளில் ஒரு கோடு பளிச்சிட்டது. மஞ்சள் என்றால் சோடியம். திருஷ்டி சுற்றி அடுப்பில் போடும் உப்பு மஞ்சளாகச் சீறுமே, அதே நிறம். பார்த்தவர்களில் பலர் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் அந்தக் கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை, ஒரு முடி அளவு தள்ளியிருந்தது. அந்த முடியளவு இடைவெளியைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தில் லாக்கியர், இது பூமியில் யாரும் காணாத புதுத் தனிமம் என்றார். ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். நம்பாதவர்கள் நிறையப் பேர். 1895இல் வில்லியம் ராம்சே அதைப் பூமியிலேயே ஒரு கனிமத்திலிருந்து பிரித்துக் காட்டும்வரை, 27 ஆண்டுகள் அது சந்தேகத்தில்தான் இருந்தது.

கண்டவர் கண்ணில் பிசகில்லை. கண்டதற்கு இட்ட பெயரில்தான் பிசகு. தூரத்து உலகங்களைப் பற்றிய ஆய்வின் வரலாறு முழுக்க இந்த ஒரே வகைப் பிசகு திரும்பத் திரும்ப வருகிறது. அதில் தமிழ்நாட்டுக்கும் நல்ல பங்கு உண்டு. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அங்கே கட்டிய வானாய்வகத்தில் தொலைநோக்கியைத் தாங்கிய தூண் அது. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப். அஃபியூக்கஸ் உடுக்கூட்டத்தில் 70 என்ற எண் கொண்ட இரட்டை விண்மீனை அவர் அளந்துவந்தார். இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுபவை. ஆனால் கணக்குப்படி இருக்கவேண்டிய இடத்தில் அவை இல்லை, சற்றே தடுமாறின. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்து இழுக்கிறது, அப்படி இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம் என்று 1855இல் ஜேக்கப் எழுதினார். சூரியனுக்கு வெளியே இன்னொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சொன்னது உலகில் அநேகமாக அதுவே முதல் முறை. சொல்லப்பட்ட ஊர், அன்று வயலும் ஏரியும் சூழ்ந்திருந்த நுங்கம்பாக்கம்.

அப்படி ஒரு கோள் இல்லை.

1890களில் அமெரிக்கர் டி.ஜே.ஜே. சீ அதே விண்மீனைப் பிடித்து இன்னும் உரத்துச் சொன்னார். 1899இல் ஃபாரஸ்ட் மோல்டன், சீ சொல்கிற ஏற்பாடு ஆகாயத்தில் நிலைத்து நிற்கவே முடியாது என்று கணக்குப் போட்டு நிறுவினார். சீ அதற்குக் கடுமையாகப் பதில் எழுதித் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார். 1943இல் மறுபடியும் இருவர் அதே விண்மீனில் கோளைக் ‘கண்டார்கள்’. அதுவும் நிற்கவில்லை. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்று ஐயத்துக்கு இடமில்லாமல் பிடிபட 1995 ஆக வேண்டியிருந்தது. ஜெனீவாவின் மேயரும் கெலோவும் கண்ட அந்தக் கோளுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜேக்கப்புக்கும் அவர்களுக்கும் இடையே 140 ஆண்டுகள். இன்று உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்கள் 6000ஐத் தாண்டிவிட்டன. நுங்கம்பாக்கத்துத் தூணுக்குக் கீழே ஜேக்கப்பின் தவற்றுக்கு ஒரு சிறு பலகை வைத்தால் நான் மாலை போடுவேன். கேள்வி சரியானது, கருவி போதவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கதை காவலூரில். ஜவ்வாது மலைக் காட்டுக்குள், வானியலாளர் வைணு பாப்பு தேடிப் பிடித்த இடத்தில், ஒரு மீட்டர் ஆடி கொண்ட ஜெர்மன் தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. வந்த புதிதிலேயே ஒரு வாய்ப்பு அமைந்தது. அந்த ஆண்டு ஜூன் 7 அன்று வியாழனின் பெரிய நிலவான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. காற்று இல்லாத வெறும் பாறைக்கோளம் விண்மீனை மறைத்தால் வெளிச்சம் சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று போகும். காற்றுப் போர்வை இருந்தால் திரியைத் தாழ்த்துவதுபோல் மங்கி அணையும். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பதிவான வளைகோடுகள் மங்கித்தான் அணைந்தன. கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு, பூமியின் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு என்று அடுத்த ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. 1979இல் வாயேஜர் விண்கலம் பக்கத்திலேயே போய்ப் பார்த்தது. அப்படி ஒரு போர்வை அங்கே இல்லை. இருந்தாலும் அது சொன்னதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியதாகத்தான் இருக்க முடியும்.

கதை அங்கேயே முடியவில்லை. 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி கானிமீடில் மிக மெல்லிய ஒரு வளிமண்டலத்தைக் கண்டது. அதில் இருந்தது ஆக்சிஜன். பூமியில் செடிகொடியும் பாசியும் மூச்சாக விடும் அதே ஆக்சிஜன். கானிமீடிலோ அதை விடுவது உயிரில்லை. வியாழனின் காந்தப்புலத்தில் சுழலும் மின்துகள்கள் பனிக்கட்டியை அடித்து நொறுக்கி, தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துவிடுகின்றன. ஆக்சிஜனைப் பார்த்தால் உடனே உயிர் என்று எழுந்து நிற்காதே என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் சூரியக் குடும்பத்தில் இல்லை.

காவலூரில் 1977 மார்ச் 10 அன்றும் ஒரு மறைப்பு. இம்முறை யுரேனஸ். கோள் விண்மீனை நெருங்குமுன்பே வெளிச்சம் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் யுரேனஸுக்குப் புதிய நிலவு ஒன்று என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவு, பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழு கோளின் இரு பக்கமும் ஒரே கணக்கில் பல தாழ்வுகளைக் கண்டது. இரு பக்கமும் ஒத்து வருமானால் அது நிலவு ஆகாது, வளையம். காவலூர் கண்டது உண்மையான தாழ்வு, யுரேனஸின் பருத்த வளையம் விண்மீனை மறைத்த தாழ்வு. மறுபக்கத்தையும் பார்க்கக் கொடுத்துவைத்தவர்களுக்குக் கண்டுபிடிப்பாளர் என்ற பெயர் போயிற்று.

நம் பள்ளிப் பாடநூல்களில் காவலூர் யுரேனஸ் வளையத்தைக் கண்டது என்று மட்டும் இருக்கும். நிலவு என்று எழுதியது இருக்காது. கானிமீடு சுத்தமாக இருக்காது. அறிவியல் என்றால் வெற்றிப் பட்டியல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு பெரியவர்களான அவர்கள் ஒரு தலைப்புச் செய்தியை நம்பி ஏமாறினால் யாரைக் குறை சொல்வது?

உயிர் விஷயத்தில் மிகப் பெரிய ஏமாற்றம் செவ்வாய். 1956இல் செவ்வாய் பூமிக்கு அருகில் வந்தபோது வில்லியம் சின்டன் என்ற அமெரிக்கர் அதன் ஒளியின் அகச்சிவப்புப் பகுதியில் சில பள்ளங்களைக் கண்டார். கரிம மூலக்கூறுகள் விழுங்கும் இடம் அது. செவ்வாயின் கரும்பகுதிகளில் தாவரம் இருப்பதற்குச் சான்று என்று 1957இல் எழுதினார். 1959இல் இன்னும் பெரிய தொலைநோக்கியில் பார்த்தும் அதே பள்ளங்கள். உலகம் நம்பியது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பத் துடித்தவர்களுக்கு அது உரமாயிற்று. 1965இல் உண்மை வெளிப்பட்டது. அந்தப் பள்ளங்களில் முக்கியமானவற்றைத் தோண்டியது செவ்வாயின் பாசி இல்லை, பூமியின் காற்றில் இருக்கும் நீராவி. அந்த நீரில் மிகச் சிறு பங்காகக் கலந்திருக்கும் கன ஹைட்ரஜன் கொண்ட மூலக்கூறு செய்த வேலை. எங்கேயோ இருக்கும் காற்றைப் பார்ப்பதாக எண்ணி நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதை எழுதிய கட்டுரையின் ஆசிரியர்கள் மூவரில் ஒருவர் சின்டனே. தன் பெயரால் நின்ற கட்டடத்தின் மேல் தானே கடப்பாரை வைத்தார்.

அதே 1965இல் ஜேம்ஸ் லவ்லாக் கேள்வியையே திருப்பிப் போட்டார். எந்தப் பொருள் இருக்கிறது என்று தேடாதீர்கள், ஒன்றோடொன்று இருக்கக் கூடாத பொருள்கள் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள் என்றார். பூமியின் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன். அதற்கு நடுவே, பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக மீத்தேன். மீத்தேனை ஆக்சிஜன் விட்டுவைக்காது, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எரித்துத் தீர்த்துவிடும். ஆனாலும் தீராமல் இருக்கிறது என்றால் யாரோ ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஊற்றுவதில் பெரும்பங்கு நம் நெல்வயல்களும், அசைபோடும் மாடுகளும், சதுப்பு நிலங்களும். செவ்வாயிலும் வெள்ளியிலும் இப்படிச் சண்டைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் இல்லை. இரண்டிலும் காற்றில் 95 விழுக்காட்டுக்கு மேல் கரியமில வாயு, எல்லாம் எரிந்து ஓய்ந்த அடுப்பு. 1990 டிசம்பரில் வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் பூமியை ஒட்டிப் பறந்தபோது, இந்த முறை வேலை செய்கிறதா என்று கார்ல் சாகன் நம் கோளிலேயே சோதித்துப் பார்த்தார். ஆக்சிஜன், மீத்தேன், இலைப் பச்சையின் சாயல், வானொலி அலைகள் என்று எல்லாம் பதிவாயின. பூமியில் உயிர் இருப்பது 1993இல் அறிவியல் இதழில் முறைப்படி நிறுவப்பட்டது!

இந்த இடத்தில் மணிமேகலையைத் துணைக்கு அழைக்காமல் இருக்க முடியவில்லை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமம் உரைக்கும் காதையில் பெரும்பகுதி அளவை நூல். மலையில் புகை, ஆகவே நெருப்பு என்ற பழைய எடுத்துக்காட்டு அங்கே வருகிறது. புகை ஏது, நெருப்பு அதனால் அறியப்படுவது. ஆனால் அடிகள் அதிக நேரம் செலவிடுவது சரியான ஏதுவின்மேல் இல்லை. ஏதுவைப் போலவே தோன்றி ஏமாற்றுபவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவதில்தான். அவற்றுக்கு ஏதுப்போலி என்று பெயர். அவற்றில் ஒன்று, தெரிவது ஆவியா பனியா என்று ஐயம் தீராத நிலையிலேயே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என முடிவுகட்டுவது. தாவரம் என்று சின்டன் எண்ணியது பூமியின் ஆவி. வேற்றுலக உயிர்த்தடம் பற்றி இன்று நடக்கும் வாதங்களுக்கு இத்தனை பொருத்தமான கலைச்சொல்லை மணிமேகலையைப் பாடிய சாத்தனார் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நாமோ இன்னும் பொய்நேர்வு, தவறான நேர்மறை என்று மொழிபெயர்ப்பில் தடவிக்கொண்டிருக்கிறோம்.

இனி 2025 ஏப்ரலுக்கு வரலாம். கே2-18பி என்ற கோள் சிம்ம உடுக்கூட்டத்தில் 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் அதன் வெளிச்சம் புறப்பட்ட நாளில் சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆலைகூடக் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குத் தொழில் கற்கப் போனது அதற்கு இருபது ஆண்டு கழித்து. பூமியைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் அகலமும் எட்டு மடங்குக்கு மேல் எடையும் கொண்ட அது, சிறிய சிவப்பு விண்மீன் ஒன்றை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே கடக்கும்போது வெளிச்சம் ஏறத்தாழ 0.3 விழுக்காடு குறைகிறது. கோளின் விளிம்பில் காற்று இருந்தால், அந்தக் காற்று வழியாக வடிந்து வரும் ஒளியில் அதன் வாயுக்கள் தத்தம் நிறங்களைத் தின்றுவிட்டிருக்கும். வாயு தின்ற பங்கு மொத்த ஒளியில் பத்து லட்சத்தில் சில பத்துகள்தான். கலங்கரை விளக்கத்தின் முன் பறக்கும் ஈசலின் இறக்கை நுனி என்ன நிறம் என்று அக்கரையிலிருந்து கேட்பது போன்றது.

இந்த முறையில் முதன்முதலில் ஒரு புறக்கோளின் காற்றில் பிடிபட்டது எது தெரியுமா? சோடியம். ஹப்பிளில் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். மறுபடியும் அந்த அடுப்பு மஞ்சள்.

கேம்பிரிட்ஜில் இருக்கும் நிக்கு மதுசூதன் நம் நாட்டவர். காசி ஐஐடியில் படித்து எம்ஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆழ்கடலும் அதன்மேல் ஹைட்ரஜன் காற்றும் கொண்ட உலகங்கள் இருக்கலாம், அவற்றில் உயிர் தங்கலாம் என்ற கருத்தை முன்வைத்தவர். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வழியாக 2023இல் அவருடைய குழு கே2-18பியில் மீத்தேனும் கரியமில வாயுவும் கண்டது. கூடவே டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் சாயலும் இருக்கலாம் என்றது. பூமியில் அதைப் பெரும்பாலும் விடுவது கடலின் நுண்பாசிகள். கடற்கரைக் காற்றில் வரும் அந்தத் தனி வாசனையில் அதற்கும் பங்குண்டு. 2025 ஏப்ரலில் வெப்பின் இன்னொரு கருவியிலும் அதன் தடம், அல்லது அதன் நெருங்கிய உறவுக்காரச் சேர்மத்தின் தடம் தெரிவதாக அறிவித்தார்கள். உறுதி மூன்று சிக்மா. அதாவது வெறும் தற்செயலால் இப்படித் தோன்ற ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. கண்டுபிடிப்பு என்று அழைக்க ஐந்து சிக்மா வேண்டும், இன்னும் 16 முதல் 24 மணி நேரம் வெப்பில் பார்த்தால் அதை எட்டலாம் என்று அந்தக் குழுவே சொன்னது.

செய்திகளில் இந்த நிதானம் ஒட்டவில்லை. 99.7 விழுக்காடு உயிர் உறுதி என்று படித்தவர்களை நானே சந்தித்தேன். ஆயிரத்தில் மூன்று என்பது அந்தப் பள்ளம் தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பைப் பற்றிய பேச்சு. பள்ளம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், தோண்டியது இந்த வாயுதானா என்பது இரண்டாம் கேள்வி. இந்த வாயுவை விட்டது உயிர்தானா என்பது மூன்றாம் கேள்வி. மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது நம் ஆசை. கூடவே, இந்திய வம்சாவளி விஞ்ஞானி சாதனை என்ற வழக்கமான தாரை தப்பட்டை வேறு.

சில வாரங்களுக்குள் மறுப்புகள் வந்தன. அதே தரவை எடுத்து, எந்த வாயுவும் இல்லை என்று ஒரு நேர்க்கோடு போட்டாலும் ஏறக்குறையப் பொருந்துகிறது என்றார் ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர். மதுசூதனிடமே முனைவர் பட்டத்துக்குப் படித்த லூயிஸ் வெல்பேங்க்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும், வேறு சேர்மங்கள் பலவும் அந்த இடத்தில் அதே அளவுக்கு உட்காருகின்றன என்று காட்டினார்கள். குரு கட்டிய கணக்கைச் சீடர் பிரித்துப் பார்ப்பது எனக்கு அந்தச் செய்தியிலேயே மிகவும் பிடித்த பகுதி. ஆனால் ஏப்ரலில் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி போட்ட ஏடுகள் மே மாதத்தில் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. டைமெத்தில் சல்ஃபைடை 67பி என்ற வால்மீனிலும் கண்டிருக்கிறார்கள், ஆய்வகத்தில் உயிரே இல்லாமல் வாயுக் கலவைமேல் புறஊதா ஒளியைப் பாய்ச்சியும் உண்டாக்கியிருக்கிறார்கள். வால்மீனில் பாசி வளர்வதாக யாரும் சொல்வதில்லை.

மதுசூதன் தோற்றுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் ஜேக்கப்பாக இருக்கலாம், லாக்கியராகவும் இருக்கலாம். ஹீலியம் 27 ஆண்டு காத்திருந்தது. இப்போதே தீர்ப்பு எழுத வேண்டும் என்ற அவசரம் வாசகருக்கும் ஏட்டுக்கும்தான், கோளுக்கு இல்லை. எதிர்ப்பக்க ஏமாற்றமும் உண்டென்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். பூமியில் உயிர் தோன்றி நூறு கோடி ஆண்டு கடந்த பிறகும் காற்றில் சொல்லிக்கொள்ளும்படி ஆக்சிஜன் இல்லை. அந்தக் காலத்துப் பூமியைத் தூரத்திலிருந்து எவராவது பார்த்திருந்தால் ஆளில்லா வீடு என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

மறுபடி வெம்பக்கோட்டை. 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே மேட்டுக்காட்டில் குழி குழியாகத் தோண்டத் தொடங்கியது. சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள், யானைத் தந்தத்தில் செய்த பகடை என்று கிடைத்தவை பல. எண்ணிக்கையில் மலைக்கவைப்பவை சங்கு வளையல்கள். வைப்பாறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடா இங்கிருந்து இரண்டு நாள் நடைக்குக் குறையாது. கரிசல் மண்ணுக்கடியில் கடலின் சங்கு. முழு வளையல் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து என்ன சொல்ல முடியும்? யாரோ போட்டிருந்தார்கள், எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கலாம், வழிப்போக்கர் கையிலிருந்து நழுவியிருக்கலாம். அதே குழியில் அறுத்தெறிந்த சங்குத் துண்டும், பாதியில் உடைந்து வளையலாகாமல் போனதும் சேர்ந்து கிடைக்கும்போதுதான் பட்டறை இங்கேயே இருந்தது என்று சொல்லும் துணிவு வருகிறது. அழகான பொருளைவிடக் குப்பை நம்பகமான சாட்சி. லவ்லாக் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான். ஒற்றை வாயு வளையல் மாதிரி. வேலை நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் கழிவும் கூட வேண்டும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. அதன் பிறகு ஒருமுறை பெரியவரைப் பார்த்தபோது பச்சையைப் பற்றித்தான் பேசினார். தொழில் என்ன ஆகும் என்ற கவலை ஒரு பக்கம். வானத்தில் தெரிகிற பச்சையைப் பார்த்து இனி என்ன மருந்து என்று ஊகிப்பது கஷ்டம் என்பது இன்னொரு பக்கம். புறக்கோள் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த நச்சத்திரத்துக்கே ஒரு நெறம் இருக்குமே தம்பி, அதை எப்பிடிக் கழிச்சுப் பாக்காக?” அவர் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. சிவப்பு விண்மீன்களின் முகத்தில் இருக்கும் புள்ளிகளும் தழும்புகளும் கோளின் காற்றைப் போலவே ஒளியில் பள்ளம் தோண்டக்கூடியவை. அவற்றைக் கழிப்பது எப்படி என்பதில்தான் இந்தத் துறை இப்போது முட்டிக்கொண்டு நிற்கிறது.

சிலியின் பாலைவன மலையில் 39 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி எழுந்துகொண்டிருக்கிறது. கே2-18பி மட்டும் யாருக்கும் காத்திராமல் தன் கணக்கில் சுற்றுகிறது. ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் நடுவே பதினொரு முறை அது தன் விண்மீனைக் கடக்கும். பதினொன்றையும் பார்த்துவிட முடியாது, வெப்பின் நேரத்துக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்கு எழும் நேரத்தில் வாசலில் வந்து நின்றால் கிழக்கே சிம்மம் ஏறியிருக்கும், அதன் பின்னங்கால் பக்கம் அடிவானத்துக்குச் சற்று மேலே அந்த விண்மீன். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் முதல் சரவெடி கொளுத்திய பத்தாவது நிமிடம் தெரு முழுக்க மூட்டம் போட்டுவிடும், அதில் எது புகை, எது ஐப்பசிப் பனி என்று பிரிக்க முடியாதபடி.